இடது பக்கத்து பிரேக்

தம்பி, கோவிச்சுக்கிடலேன்னா அந்த ஜன்னல் ஓரத்த எனக்குத் தாறீங்களா? சாரல் பாக்க இல்ல. தென்காசிக்காரனுக்கு என்ன சாரல்? அங்க உக்காந்தா எனக்கு ஒரு பக்கம் தகரம், ஒரு பக்கம் நீங்க. கீழ விழ மாட்டேன். அதுக்குத்தான்.

குடிச்சிருக்கேன்னு நெனைச்சிராதீங்க. காலைல ரெண்டு இட்லியும் ஒரு மாத்திரையும்தான் உள்ள போயிருக்கு. மாத்திரைன்னா, வலிப்பு மாத்திரை. பாத்தீங்களா, சொன்ன உடனே பைய அந்தப் பக்கம் நகத்துதீங்க. எல்லாரும் அப்படித்தான். தப்பில்ல. நான் பேசிக்கிட்டு வரும்போது பேச்சு நின்னு, கூப்பிட்டா திரும்பாம, வாய மட்டும் மென்னுக்கிட்டு இருந்தேன்னு வைங்க, பதறாண்டாம். அதுவா சரியாயிரும். கை கால் இழுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் திணிக்கக் கூடாது. கையில இரும்பு குடுக்கக் கூடாது. அவ்வளவுதான். டாக்டரம்மா சொல்லிக் குடுத்தது.

ஆனா வராது. வந்து ஒரு வருஷம் ஆயிட்டு. அதச் சொல்லத்தான் இப்ப திருநெல்வேலிக்குப் போறேன். ஒரு வருஷம் ஒண்ணும் வராம இருங்க, பொறவு வண்டியப் பத்திப் பேசுவோம்னு சொல்லியிருக்காங்க. அப்பவும் மத்தவங்கள ஏத்துற வண்டி வேண்டாம்னும் ஏதோ சொன்னாங்க. அது டாக்டர்மாரு சும்மா சொல்லுறது. நல்ல டாக்டர்தான், ஆனா சின்னப் பிள்ளை. அனுபவம் காணாது.

என் பேரு கோமதிநாயகம். டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன். தென்காசில கார் ஓட்டுறவங்கள்ல பாதிப் பேருக்கு நான்தான் கிளட்ச்ச விடச் சொல்லிக் குடுத்தது. பெருமைக்குச் சொல்லல. ரோட்டுல நடந்து போனா வண்டிய நிறுத்தி "சார், ஏறுங்க"ன்னு கூப்பிடுவாங்க. இப்ப ஒரு வருஷமாத்தான் அந்தக் கூப்பாடு கேட்டா கேக்காத மாதிரிப் போயிரப் பாக்கேன். ஏறி உக்காந்தா என் காலு தானா தரைய மிதிக்கும். இப்பக்கூடப் பாருங்க, இந்த டிரைவர் முன்னால போற ஆட்டோவ ஒட்டிப் போறான், நான் மிதிச்சுக்கிட்டே வாறேன்.

டிரைவிங் ஸ்கூல் வண்டி பாத்திருப்பீங்க. ஓட்டப் படிக்கிறவங்க வலது பக்கம். நான் இடது பக்கம். என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக்கு, ஒரு கிளட்ச் இருக்கும். ஸ்டியரிங் எங்கிட்ட கிடையாது. இத நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க தம்பி. ஸ்டியரிங் எங்கிட்ட கிடையாது. நான் வண்டி ஓட்டல. இதத்தான் நான் எல்லார்ட்டயும் தொண்டை வத்தச் சொன்னேன்.

போன வருஷம் இதே மாதிரி சாரல் தொடங்கின நேரம். காலைல கிளாஸுக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிஞ்சேன். அவ்வளவுதான் தெரியும். கண்ணத் தொறந்தா வீடு நிறைய ஆளு. நாக்குல ரத்தம். கையில கார் சாவி. எதுத்த வீட்டுக்காரரு ஓடி வந்து, இரும்பு குடுத்தா இழுப்பு நிக்கும்னு ஆணியில தொங்கின சாவிக்கொத்த எடுத்து என் கைக்குள்ள அமுக்கியிருக்காரு. எனக்கு அது தெரியாதுல்லா? சாவி கையில இருக்கு, அப்ப கிளாஸுக்கு நேரமாயிட்டுன்னு நெனைச்சேன். எந்திரிச்சு நேரா வாசலுக்குப் போறேன். என் வீட்டுக்காரி உலகம்மா ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டா.

"எங்க போறீங்க? ஏங்க, எங்க போறீங்க?"

"விடுட்டி, ஆள் காத்துக்கிட்டு நிப்பாங்க."

அவ விடல. இப்பவும் அவ அதச் சொல்லிச் சொல்லி அழுவா. இழுத்துக்கிட்டுக் கிடந்ததக்கூடத் தாங்கிக்கிட்டேன், எந்திரிச்சு சாவியோட நடந்தீங்க பாத்தீங்களா, அதத்தான் தாங்க முடியலன்னு.

அவ அதுக்கு முன்னாலயே சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா. "சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கீங்க, வாய் மட்டும் அசையுது." நான் நம்பல. ஆயிரம் யோசனை இருக்கும், இவ கூப்பிட்ட உடனே திரும்பணுமான்னு நெனைச்சேன்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை ஆசுபத்திரிக்குப் போய் தலைல ஒயரெல்லாம் ஒட்டி, ஸ்கேன் எடுத்து, எல்லாம் பாத்தாங்க. மூளைல ஒரு சின்ன இடத்துல கரண்டு எக்குத்தப்பா ஓடுதாம். மாத்திரைல அடங்கிரும், பயப்படாதீங்கன்னாங்க டாக்டரம்மா. கிணத்துப் பக்கம் போகாதீங்க, உயரத்துல ஏறாதீங்க, தூக்கம் முழிக்காதீங்க. எல்லாத்துக்கும் தலையாட்டினேன். கடைசில, "என்ன வேலை பாக்கீங்க?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். எழுதிக்கிட்டிருந்த பேனாவக் கீழ வச்சுட்டாங்க.

"நீங்க வண்டியத் தொடக் கூடாது."

"நான் ஓட்ட மாட்டேம்மா. பக்கத்துலதான் உக்காருவேன்."

"பக்கத்துலயும் உக்காரக் கூடாது. உங்களுக்கே தெரியுமே, லைசென்ஸுக்கு வாறவங்ககிட்ட நீங்களே கேக்குற கேள்விதான? வலிப்பு உண்டான்னு?"

நான் ஒருத்தர்ட்டயும் கேட்டதில்ல. எல்லாருக்கும் பாரத்துல 'இல்ல'ன்னு நானே போட்டுருவேன். யாரப் பாத்து அதக் கேக்கது? கேட்டா மூஞ்சில துப்பிருவாங்க.

வீட்டுக்கு வந்து உலகம்மாட்ட வெவரமாச் சொன்னேன். பாரு, டாக்டரம்மாவுக்கு எங்க வண்டியப் பத்தித் தெரியாது. ஓட்டுறது படிக்கிறவங்க. நான் ஆபத்து அவசரத்துக்கு மட்டும்தான்.

அவ சொன்னா: "நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தான அவங்க ஓட்டுதாங்க."

பொம்பளைங்க ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க. நான் நாலஞ்சு நாள்ல கிளாஸ் ஆரம்பிச்சுட்டேன். வேண்டாம்னு கெஞ்சிப் பாத்தா. பொறவு சேலைய மாத்திக்கிட்டு வந்து பின் சீட்டுல ஏறி உக்காந்துட்டா! நெசமாத்தான் சொல்லுதேன். நீங்க போனா நானும் வருவேன்னுட்டா. படிக்க வந்தவங்க எல்லாம் "அக்காவும் படிக்காங்களா சார்?"னு கேக்காங்க. அவளுக்குக் கார்ல போனா குமட்டும். மூணாவது நாளு புளியங்குடிக்காரரு ஒருத்தர் கியர் மாத்திக் குலுக்கின குலுக்குல ஜன்னல் வழியா வாந்தி எடுத்துட்டா. அதோட நின்னுட்டா. பொறவு போன்தான். கால் மணிக்கு ஒருக்க போன். "இருக்கீங்களா?" "இருக்கேன்." வச்சிருவா. எனக்கு எரிச்சலா வரும்.

சரி, நான் பயப்படலியான்னு கேக்கீங்களா? நீங்க கேக்கல. ஆனா மூஞ்சி கேக்குது. பயந்தேன் தம்பி. காலைல கண்ணத் தொறந்த உடனே முதல்ல நாக்க நீட்டிப் பாப்பேன், கடிச்சிருக்கான்னு. வண்டில உக்காந்தா மனசுக்குள்ள ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே வருவேன். இப்ப டீக்கடை. இப்ப வாழைக்காய்க் குடோன். இப்ப பள்ளிக்கூடம். இடையில எதாவது விட்டுப் போச்சுன்னா போச்சு. ஆனா நிறுத்தணும்னு தோணல. நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்கள்லா? ஊர்ல அதுக்கு ஒரு பேரு இருக்கு, உங்களுக்கும் தெரியும். அந்தப் பேரு ஒருக்க ஒட்டிக்கிட்டா சாகுற வரைக்கும் போகாது.

அப்பத்தான் பாத்திமா வந்து சேந்தா. செய்யதலி பாத்திமா. கடையநல்லூர்ப் பிள்ளை, இங்க கட்டிக் குடுத்திருக்கு. மாப்பிள்ளை சவூதில, தமாம்ல. மாமியார அடிக்கடி ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தர்ட்டக் கெஞ்ச முடியலன்னு கார் ஓட்டப் படிக்க வந்தா. முப்பது வயசு இருக்கும். நல்ல பிள்ளை. ஆனா வாய் ஓயாது. அதப் பொறவு சொல்லுதேன்.

பாவூர்சத்திரம் வந்துட்டா? மழைல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

அன்னைக்கு அவளுக்கு ரோட்டுல முதல் வாரம். குளத்துக்கரை ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். வண்டி வாசி கம்மியா இருக்கும். இடது பக்கம் குளம், அந்த மழைக்கு ரோட்டோட ஒட்டித் தண்ணி நிக்கி. வாழைக்காய்க் குடோன் தாண்டுது. "தேர்டு போடும்மா"ன்னேன். போட்டா.

பொறவு வண்டி நிக்கி.

இடையில ஒண்ணும் இல்ல தம்பி. தூங்கி எந்திரிச்சா தூங்கினோம்னு தெரியும்லா? அதுகூட இல்ல. ஒரு படத்தக் கிழிச்சு ஒட்டின மாதிரி. குடோன், அடுத்து வண்டி நிக்கி. எஞ்சின் ஆப். ஹேண்ட்பிரேக்க இழுத்து வச்சிருக்கு. பாத்திமா ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வச்சு என்னையவே பாத்துக்கிட்டு இருக்கா. முக்காடு சரிஞ்சு கிடக்கு, அதச் சரி பண்ணல. என் வாயெல்லாம் எச்சி. பின்னாடி எங்கயோ ஒரு லாரி ஆரன் அடிச்சுக்கிட்டே போற சத்தம் தேயுது.

"சார், வண்டிய நிறுத்திட்டேன்"ன்னா.

எனக்கு நாக்கு எழும்பல. கொஞ்ச நேரம் கழிச்சு "ம்"ன்னேன்.

"நீங்க ஒண்ணுமே சொல்லல சார்."

"சொல்லாம இருந்து பாத்தேம்மா. நீயாச் செய்யுதியான்னு. டெஸ்ட்டு."

எப்படி அந்த வார்த்தை வாயில வந்துதுன்னு எனக்கே தெரியல. அவ கண்ணெடுக்காமப் பாத்தா. பொறவு "சரி சார்"ன்னா. தண்ணி பாட்டில எடுத்து மூடியத் தொறந்து குடுத்தா. குடிக்கும்போது கீழ பாக்கேன், என் பக்கத்து டயரு ரோட்டுல இல்ல. சரிவுல மண்ணுல இறங்கி நிக்கி. "இவ்வளவு ஓரமாவா நிறுத்துறது? என்ன படிச்ச நீ?"ன்னு சத்தம் போட்டேன். அவ "இனிமே பாத்து நிறுத்துதேன் சார்"ன்னா. நல்லாத்தான் ரிவர்ஸ் எடுத்தா. என் வலது மணிக்கட்டுல வரி வரியாக் கீறல். எங்கயோ டோர்ல உரசியிருக்கும்னு நெனைச்சேன்.

அவ நம்பிட்டா. அதுதான் அப்ப எனக்குப் பெரிய நிம்மதி. ஊருக்குள்ள வேற சொல்லியிருக்கா, "சார் பேசாம உக்காந்திருந்தாரு, நான் தனியா லாரிக்கு வழி விட்டேன்"னு. ரெண்டு பேரு வந்து "இப்படிச் சொல்லிக் குடுக்கணும் சார்"னு என் கையப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாங்க. நான் சிரிச்சேன்.

அன்னைக்குச் சாயந்தரம் நடந்தே அந்தக் குளத்துக்கரைக்குப் போனேன். தனியா. டயர்த் தடம் அழியாமக் கிடந்துது. ரோட்டுல நேரா வந்த தடம் திடீர்னு ஒடிஞ்சு, குளத்தப் பாத்து இறங்கி, தண்ணிக்கு ரெண்டு சாண் முன்னால நிக்கி. புதுசா ஓட்டுறவங்க இப்படித்தான், இடது பக்கம் இழுத்துருவாங்கன்னு சொல்லிக்கிட்டேன். வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேன். சொல்லிக்கிட்டே அந்த மண்ணுல உக்காந்துட்டேன். அப்ப உலகம்மா போன். "இருக்கீங்களா?" நான் "இருக்கேன்"ன்னு சொன்னேன். வச்சுட்டா. அவ வச்ச பொறவும் நான் "இருக்கேன், இருக்கேன்"ன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன்.

அதுக்குப் பொறவும் வண்டில ஏறினீங்களான்னு கேப்பீங்க. ஏறினேன். மாத்திரைய டாக்டரம்மாட்ட சொல்லிக் கூட்டி வாங்கிக்கிட்டேன், நடந்ததச் சொல்லாமத்தான். தினமும் ஏறினேன். ஏறாம இருக்க அதவிடப் பயமா இருந்துது.

இந்தப் பாத்திமா இருக்காள்லா, அன்னைல இருந்து அவ வாய் ஓயல. வண்டி எடுத்த உடனே, "சார்?" "என்னம்மா?" "ஒண்ணும் இல்ல சார்." கொஞ்ச தூரம். "சார்? இந்த போர்டுல என்ன போட்டிருக்கு?" நேத்து படிச்ச அதே போர்டு. "வளைவும்மா." "சார்?" "சொல்லு." "சாப்பிட்டீங்களா சார்?" "சார், தூங்குனீங்களா? நல்லாத் தூங்கினீங்களா?" எனக்கு மண்டை காஞ்சு போச்சு. அதோட, மாமியார வேற கூட்டிட்டு வர ஆரம்பிச்சா. அந்தம்மா பின் சீட்டுல உக்காந்து என் தோள்மேல கைய வச்சுக்கிட்டே வரும். பிடிமானத்துக்குன்னு நெனைச்சேன். வயசான ஆளு பாருங்க.

வேற ஆளும் அப்ப அதிகம் இல்ல. இருந்த ஒரு பெரியவரும் மழைன்னு நின்னுட்டாரு. காலைலயும் இவதான், சாயந்தரமும் இவதான். ஆர்.டி.ஓ. டெஸ்ட்டுல ஒரே தடவைல பாஸ் பண்ணிட்டா. லைசென்ஸ் வந்துட்டு. விட்டது தொல்லைன்னு பாத்தா, மறுநாள் காலைல திரும்ப நிக்கா! "இன்னும் கொஞ்சம் படிக்கணும் சார். ரெண்டு நேரமும் எனக்கே குடுங்க." என்ன பயந்த பிள்ளைடா இதுன்னு நெனைச்சேன். உலகம்மாட்டகூடச் சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல. "அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்"ன்னு மட்டும் சொன்னா.

பொறவு தர்ஷினி வந்தா. காலேஜ்ல அந்த வருஷம்தான் சேந்திருந்தா. பதினெட்டு முடிஞ்ச கையோட அவங்க அப்பா கொண்டாந்து விட்டாரு. "எம் பிள்ளைய உங்கள நம்பித்தான் விடுதேன் சார்"ன்னாரு. எல்லாரும் சொல்லுற வார்த்தைதான். அன்னைக்கு மட்டும் என்னமோ காதுல அடைச்ச மாதிரி இருந்துது.

காலைல மைதானத்துல அந்தப் பிள்ளைய ஏத்தி உக்கார வச்சுட்டு நான் இடது பக்கம் சுத்தி வாறேன். பாத்திமா அங்க நிக்கா. காலை நேரத்த இந்தப் பிள்ளைக்குக் குடுத்துட்டேன், அன்னைக்கு அவளுக்கு கிளாஸ் கிடையாது. என் கதவ மறிச்சு நிக்கா.

"சார், இந்தப் பிள்ளைய ஏத்தாதீங்க."

"ஏம்மா?"

"உங்களுக்குத் தெரியும் சார்."

"எனக்கு என்ன தெரியும்?"

அவ குரல உயத்தல. உள்ள இருக்குற பிள்ளைக்குக் கேக்கக் கூடாதுன்னு கிட்ட வந்து சொன்னா. "அன்னைக்கு உங்க கையில கீறல் இருந்துதுல்லா, அது நான் கீறுனது சார். ஸ்டியரிங்கப் பிடிச்சு குளத்துப் பக்கம் இழுத்துட்டீங்க. சார் சார்னு கத்துனேன். கண்ணு தொறந்துதான் இருக்கு. என்னையப் பாக்கீங்க, ஆனா நான் உங்களுக்குத் தெரியல. எதுக்க லாரி வருது. ஒவ்வொரு விரலாப் பிச்சு எடுத்தேன். அல்லா காப்பாத்துனான் சார். இந்தப் பிள்ளைக்குக் கியரே எங்க இருக்குன்னு தெரியாது. இவ விரலப் பிரிப்பாளா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் என்ன வண்டியா ஓட்டுதேன்? ஸ்டியரிங் எங்கிட்டயா இருக்கு?"ன்னேன்.

அவ கதவ விட்டு நகரல. "எங்க சாச்சாவுக்கு, வாப்பாவோட தம்பிக்கு, இதே இருந்துது சார். ஊரு அவர என்ன சொல்லிக் கூப்பிட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பேரு உங்களுக்கு வரக் கூடாதுன்னுதான் நான் யார்ட்டயும் சொல்லல. நான் மட்டும் வந்துக்கிட்டு இருந்தா வேற யாரும் ஏற மாட்டாங்கல்லான்னு ரெண்டு நேரத்தையும் நானே வாங்கிக்கிட்டேன். இப்ப முடியல சார்"ன்னா.

எனக்குக் கோவம் வந்துது. எப்பேர்ப்பட்ட கோவம்! எங்கிட்ட ஓட்டப் படிச்சவ எனக்குச் சொல்லித் தாறாளேன்னு. "வழிய விடு"ன்னேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? கதவத் தொறந்து என் சீட்டுல ஏறி உக்காந்துட்டா. என் இடத்துல. "நீங்க பின்னால ஏறுங்க சார். அங்க இருந்தே சொல்லிக் குடுங்க. மைதானத்துல நான் மிதிச்சுக்கிடுதேன்"ன்னா. அந்தப் பிள்ளை தர்ஷினி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கு. மைதானத்துல நடக்க வந்தவங்க வேற நின்னு பாக்காங்க. சண்டை போட்டா எல்லாம் வெளிய வந்துரும். வாய மூடிக்கிட்டு பின்னால ஏறினேன்.

இத்தன வருஷத்துல நான் அந்த வண்டில பின் சீட்டுல உக்காந்ததே கிடையாது தம்பி. அங்க இருந்து பாத்தா ஓட்டுறவங்க மூஞ்சி தெரியாது. பிடரி மட்டும்தான் தெரியும். அந்தப் பிள்ளை இரட்டைச் சடை போட்டிருந்துது. கழுத்துல ஒரு சின்னத் தழும்பு. தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறியிருக்கு. "கிளட்ச்ச மெதுவா விடும்மா"ன்னு நான் சொன்னேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகந்துது. உடனே அந்தப் பிள்ளை என்ன செஞ்சுது தெரியுமா? திரும்பிக்கூடப் பாக்கல, இடது பக்கம் ஒரு கண்ணு. பக்கத்துல இருக்குற ஆளோட கால ஒரு பார்வை. அவ்வளவுதான். கால் அங்க இருக்குன்னு தெரிஞ்ச உடனே தோள் இறங்கிட்டு. மூச்சு விடுது.

எல்லாரும் அப்படிப் பாத்திருப்பாங்க. எத்தன பேரு. நான் முன்னால ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்ததால எனக்குத் தெரியல. அந்தப் பார்வை விழுற இடத்துல என் காலு இருந்திருக்கு. குளத்துக்கரையில அன்னைக்கு பாத்திமாவும் அப்படி ஒரு பார்வை பாத்திருப்பாள்லா? கால் இருந்திருக்கும். நான் இல்ல.

"வண்டிய நிறுத்து"ன்னேன். கத்திட்டேன் போல. ரெண்டு பேரும் பயந்து பிரேக்க மிதிச்சாங்க. இறங்கிப் போய் வேலிப்பக்கம் நின்னேன். பாத்திமா வந்தா. "சாவிய உலகம்மாட்ட குடுத்திரு. என் கையில தராத"ன்னேன். அன்னைல இருந்து நான் வண்டியத் தொடல. செங்கோட்டைல இருந்து ஒரு ஆளப் போட்டு ஓட்டுதேன். நான் ரூம்ல போர்டுல படம் வரைஞ்சு ரூல்ஸ் சொல்லுதேன். ஆனா இதையும் சொல்லணும், அன்னைக்குக் குளத்துக்கரைல அவ கொஞ்சம் வேகமாத்தான் போயிருப்பா.

ஆலங்குளமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான்.

ஏன் தனியா வாறீங்கன்னு கேக்கலியே நீங்க. இவ்வளவு நாளும் உலகம்மா கூடத்தான் வருவா. ஒவ்வொரு தடவையும் குமட்டிக்கிட்டே வருவா. இன்னைக்குத்தான் வரல. "இனிமே என்ன, சரியாயிட்டு, நீங்களே போயிட்டு வாங்க"ன்னுட்டா. ஒரு வருஷம் தம்பி. ராத்திரி நான் புரண்டு படுத்தாலே எந்திரிச்சு உக்காந்திருவா. இப்பக் கொஞ்ச நாளாத்தான் குறட்டை விட்டுத் தூங்குதா. அந்தக் குறட்டையக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க எவ்வளவு சந்தோசமா இருக்குன்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாது. தெருப்பூராச் சொல்லிட்டா, ஆவணி பிறந்தா அவங்க திரும்ப வண்டில ஏறிருவாங்கன்னு. சீட்டுக்குப் புது உறை தச்சு வச்சிருக்கா. பாத்திமாகூட நேத்து வந்து, "நல்ல சேதியோட வாங்க சார்"ன்னா. இப்ப அவ மாமியார ஏத்திக்கிட்டு இதே ரோட்டுல திருநெல்வேலிக்கே ஓட்டிட்டு வாறா.

ஒண்ணும் வரல. ஒரு வருஷமா ஒண்ணும் வரல.

போன வாரம் மொட்டை மாடிக்குப் போனேன், தண்ணித் தொட்டி நிறைஞ்சிட்டான்னு பாக்க. உயரத்துல ஏறாதீங்கன்னு சொன்னாங்கதான். மாடி ஒரு உயரமா? தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தது தெரியும். பாதி இருந்துது. பொறவு... பொறவு தொட்டி நிறைஞ்சு வழிஞ்சு, என் வேட்டியெல்லாம் நனைஞ்சிருக்கு. நான் தொட்டிப் பக்கம் இல்ல. கைப்பிடிச் சுவர் கட்டாத பக்கம் நிக்கேன். கீழ தெருவு. ஒரு அடி எடுத்து வச்சிருந்தா... கீழ உலகம்மா பூ வாங்கிக்கிட்டு நிக்கா. அண்ணாந்து என்னையப் பாத்துச் சிரிச்சுட்டு, "தண்ணி வழியுதுல்லா, மோட்டார நிறுத்தச் சொல்லிக் கூப்பிடாண்டாமா?"ன்னா.

ஏதோ யோசனைல நின்னிருப்பேன். எல்லாருக்கும் வரும்லா? உங்களுக்கு வராதா? இழுக்கலியே. நாக்கக் கடிக்கலியே. யாரும் பாக்கலியே. அது கணக்குல வராதுல்லா தம்பி?

நீங்க பதில் சொல்லாண்டாம்.

நான் இத யார்ட்டயும் சொல்லல. உங்ககிட்டச் சொல்லணும்னும் நெனைக்கல. பேசிக்கிட்டே வந்தேன், வந்துட்டு. டாக்டரம்மா என் முன்னால உக்காந்து, "இந்த ஒரு வருஷத்துல ஏதாவது வந்துச்சா?"ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விய நெனைச்சு ராத்திரி பூரா தூங்காமக் கிடந்தேன். 'வந்துது'ன்னா அவ்வளவுதான், அந்த வண்டி எனக்கு இனிமே கிடையாது. உலகம்மாவும் இனிமே தூங்க மாட்டா. 'இல்ல'ன்னா ஆவணில ஏறிருவேன். ஏறிருவேன் தம்பி. என்னைய எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளையாவது பக்கத்துல இருந்து என் காலப் பாக்கும்.

வாய் 'இல்ல'ன்னுதான் சொல்லும். அதுக்குப் பழகிட்டு.

வண்ணாரப்பேட்டை வருது. உங்களுக்கு அவசரமா? கொஞ்ச நேரம்தான் ஆகும், ரோட்டுக்கு எதுத்தாப்லதான் ஆசுபத்திரி. என்கூட எறங்கி வாறீங்களா? நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம். யாருன்னு கேட்டா தெரிஞ்சவருன்னு சொல்லிருவேன். உள்ள வந்து என் பக்கத்துல உக்காருங்க. அவங்க கேக்கும்போது என்னைய ஒரு பார்வை பாத்தா போதும்.